புளி போட்டுத் தேய்த்த ரேடியோ

20 நவம்பர் 1961, திங்கள்
விடியலிலிருந்து மழை. கடையில் ஒழுகல். ரிப்பேருக்கு வந்த செட்டுகளுக்கெல்லாம் சாக்கு போர்த்தியாயிற்று. குடை காணோம். எவன் எடுத்தானோ.

அரியாங்குப்பத்திலிருந்து அக்கா, தொப்பலாக நனைந்து. முந்தானைக்குள் டிரான்சிஸ்டர். மாமா, அவள் வீட்டுக்காரர், போன லீவில் கொண்டுவந்தது. பின்மூடியைத் திறந்தால் புளி வாசனை! போர்டில் செம்புக் கோடுகள் பச்சை பிடித்திருந்ததாம்.

"பித்தளைச் சொம்புக்குப் போடற மாதிரிதான்டா போட்டேன். ராத்திரி பூரா ஊறட்டும்னு வுட்டேன். காலையில பளபளன்னு ஆச்சு. பாடத்தான் இல்ல."

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, சிப்பாய். இப்போது அல்ஜீரியாவில், ஒரான் பட்டணத்தில். அங்கே சண்டை ஓய்கிற வழியாக இல்லை. அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் தினம் பிரெஞ்சுச் செய்தி வைத்து அந்த ஊர்ப் பேருக்காகக் காத்திருப்பாள்.

"ஒரான்னு சொல்லாத அன்னிக்குத்தான்டா சோறு எறங்குது."

செட் ஊமையாகி இரண்டு நாள்; அதிலிருந்து அவள் பட்டினி. அன்றைக்கே வந்து தொலைத்திருக்கக் கூடாதா.

21, செவ்வாய்
தூறல். வெந்நீர், பழைய பல் பிரஷ், பிறகு ஸ்பிரிட். புளி போயிற்று. இரண்டு கோடு அரித்து அறுந்திருக்கிறது.

நான் வால்வு செட்டில் பழகிய கை. அதற்கான தடிச் சால்டரிங் அயர்னையே வைத்தேன். நன்றாக இருந்த கோடு ஒன்று சூட்டில் உரிந்து எழும்பிவிட்டது. காப்பி சரியில்லை என்று பெண்டாட்டி கமலாவிடம் எரிந்து விழுந்தேன்.

"கை சரியில்லன்னா காப்பி என்னா பண்ணும்?" என்றாள். நியாயம்தான்.

22, புதன்
அயர்ன் முனையில் செம்புக் கம்பி சுற்றி, அதன் நுனியால் மட்டும் தொட்டேன். அறுந்த, உரிந்த இடங்களில் மயிரிழைக் கம்பி வைத்து ஈயம். மேலே வார்னிஷ். பேட்டரிக் கட்டை போட்டதும் பாடியது! கமலாவுக்குக் கேட்கட்டும் என்று சத்தம் கூட்டினேன். என் மன்னிப்பு அவ்வளவுதான்.

23, வியாழன்
வெயில். குடை பெஞ்சுக்கு அடியில்.

சோதிக்கப் பிரெஞ்சுச் செய்தி வைத்தேன். ஒரான். மறுபடி ஒரான். என் அரைகுறைப் பிரெஞ்சுக்குப் பிடிபட்டது: குண்டு, சொல்தாக்கள். ஆள் பேர் எதுவும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டு, சரியாகவில்லை என்று சொல்லிவிடலாமா? கை வரவில்லை.

அதற்குள் வாசலில் அக்கா.

"பாடுதா? செய்தி கேட்டியா? அந்தப் பேரு வந்துச்சா?"

"இல்லக்கா."

பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். "கமலா, சோறு இருக்கா?"

கருவாட்டுக் குழம்பு. மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, செட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலச் செய்திக்கு வைப்பாள். செட் இனி மக்கர் பண்ணாது. நன்றாகத்தான் செய்திருக்கிறேன்.