குழிக்குள் போன பல்செட்

அன்புள்ள ரோஸ்வித்தா,

முழங்கால் வலி தேவலையா? கனடாக் குளிரில் நான் சுகம்; என் பல்செட்தான் குழிக்குள் விழுந்துவிட்டது.

நீருக்கடியில் குழி தோண்ட நாங்கள் வடிவமைத்த இயந்திரம் களிமண்ணில் இரண்டு தரம் அடைத்துக்கொண்டது. இந்தத் தரமும் அடைத்தால் நம் மகள் அன்னெக்ரெட் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடையாது. புதிய உறிஞ்சுவாயைச் சோதிக்கும்போது குழியின் விளிம்பில் குனிந்து தும்மித் தொலைத்தேன்; பல்செட் உள்ளே போய்விட்டது.

“மெஷினுக்குப் பல்லு பத்தலைன்னு உன்னோடதையும் குடுத்திட்டியா, பெரிசு?” என்றான் கூட வேலை பார்க்கும் லோத்தர்.

கொஞ்ச நேரத்தில் குழாய் வழியே களிமண் கட்டி கட்டியாக வந்து சல்லடையில் கொட்டியது. நடுவே என் பல்செட், ஒரு பல் குறைவாக!

“அடைக்கலை அண்ணே! உங்க பல்லே சாட்சி!” என்று குதித்தாள், இயந்திரத்துக்கு வரைபடம் போட்ட உல்ரிக்கே.

அலமாரியில் கிடக்கும் பழைய பல்செட்டை நீ பின்னிய காலுறையில் சுற்றி அனுப்பு. காலுறை இரண்டும் வேண்டும். வண்டி வந்துவிட்டது, இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

சல்லடையருகே நின்றபோது என் கண் ஏன் கலங்குகிறது என்று உல்ரிக்கே கேட்டாள். தும்மல் என்றேன். கல்யாணத்தன்று மகள் கையைப் பிடித்து ஆட நான் இருப்பேன் என்ற சந்தோஷம்தான் அது என்று அவளிடம் சொல்லவில்லை.

உன் எர்வின்