வயித்து வலின்னு மழுப்பாதீங்க

என்னங்க,

நீங்க எழுந்திருக்கும்போது நான் ஆஸ்பத்திரியில இருப்பேன். ஆமா, நேத்து நீங்க வேண்டாம்னு ஒத்தைக் கால்ல நின்ன அதே ஆபரேஷனுக்குத்தான். சோறு குக்கர்ல இருக்கு, பொரிச்ச மீன் ஃப்ரிட்ஜ்ல. சாவியைக் கதவுலேயே விட்டுட்டுப் போயிடாதீங்க.

"இந்த வயசுல யாருக்குத்தான் கசியாது, பேட் வச்சுக்கோ"ன்னு சொன்னீங்க. நான் பி.டி. டீச்சர். பிள்ளைங்களைக் கயிறு தாண்டச் சொல்லிட்டு, நான் மட்டும் கறுப்பு பேன்ட்ல, விசிலும் கையுமா ஓரமா நிக்கிறேன். தும்மல் வந்தாலே குலை நடுங்குது. சிறுநீர்க் குழாய்க்கு அடியில ஒரு நாடாவை வச்சா அது தாங்கிப் பிடிக்குமாம். சில பேருக்கு வலி வரும், திரும்ப எடுக்கிறதும் லேசு இல்லேன்னு டாக்டரம்மாவே உடைச்சுச் சொன்னாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். உடம்பு என்னோடது.

மத்தியானம் உங்க அக்கா வருவாங்க. வயித்து வலின்னு மழுப்பாதீங்க. மூத்திரக் கசிவுக்கு ஆபரேஷன்னு நேராவே சொல்லுங்க. தும்மல் வந்தா அவங்க ஏன் காலைப் பின்னிக்கிட்டு நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளைக்கு நான் கனம் தூக்கக் கூடாது. தண்ணி கேன் இனி உங்க பாடு.

பி.கு.: வீட்ல நீங்க ஜோக் சொல்றதையே விட்டப்போ, என்மேல கசப்புன்னு நினைச்சேன். சிரிச்சா நான் பாத்ரூமுக்கு ஓடுறேன்னுதான் விட்டீங்கன்னு நேத்து சண்டையில வாய் தவறிச் சொல்லிட்டீங்க. சொல்லாம விட்ட ஜோக் எல்லாத்தையும் சேர்த்து வைங்க. தையல் ஆறினதும் ஒண்ணொண்ணா சொல்லுங்க. உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்து சிரிக்கிறேன்.