ஒயரைத் தட்டியது நான் இல்லை, தம்பி

அன்புத் தம்பி முருகேசா,

அன்பு என்று எழுதக் கை கூசுகிறது. உன் வருசத் திதிக்குப் புத்தகம் அச்சடிக்கிறோம், அத்தையும் நாலு வரி எழுதணும் என்று உன் மகள் கலா கேட்டாள். ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் அஞ்சாம் வகுப்புப் படிப்பு இதற்குப் போதும்.

உன் போட்டோ ஸ்டுடியோவை இப்போது அவள்தான் பார்க்கிறாள். போன வாரம் திருச்சுழிக்குப் போயிருந்தேன். கேமரா கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினாள். படமெல்லாம் ஏறி முடிந்ததும் யாரும் தொடாமலே கார்டு காலியாகிவிட்டது. இதென்ன என்று கேட்டேன். அது அப்பா கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்த வரி என்றாள். ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலையைத் தானாகச் செய்யச் சொல்லுமாம். ஒரே முகூர்த்தத்தில் பாலவனத்தத்துக்கும் நரிக்குடிக்கும் கல்யாணப் படமெடுக்க ஓடியவன் நீ. கார்டு உடனே காலியாக வேண்டும் உனக்கு.

என் மகள் செல்வியின் கல்யாணத்தில் நீ எடுத்த படம் நினைவிருக்கிறதா? பெண்ணழைப்பு வரை இருந்தது. தாலி கட்டியது இல்லை. என் வீட்டுக்காரர் தாரை வார்த்தது இல்லை. அடுத்த ஆடிக்குள் அவரே இல்லை.

சொந்தக்காரர்கள் நடுவில் நீ என்ன சொன்னாய்?

"அக்கா கூட்டுறேன்னு வந்து ஒயரைக் கால்ல தட்டி விட்ருச்சு. கரண்டு போயி கார்டே அழிஞ்சுபோச்சு. நான் என்ன செய்ய?"

நான் ஸ்டுடியோ வாசற்படியையே தாண்டவில்லை. விளக்குமாறு உன் பெண்டாட்டி கையில் இருந்தது. யார் நம்பினார்கள்? கம்ப்யூட்டர் தெரிந்தவன் பேச்சாயிற்றே. அப்பா தாரை வார்த்த படம் ஒன்றுகூட இல்லையே என்று அழும்போதெல்லாம் செல்வி இன்றைக்கும் என் காலைத்தான் பார்க்கிறாள்.

இதைக் கலாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்:

"கரண்டு போயிருந்தா அடுத்த வேலை எப்படி அத்தை ஓடும்? கார்டு அழியாம அப்படியேல்ல இருந்திருக்கும்."

அப்புறம் நீ எழுதியதைத் திறந்து பார்த்தாள். பழைய வரியை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருந்தாய். படம் முழுசாக ஏறியதா, இடம் போதாமல் பாதியில் நின்றதா என்று அந்தப் பழைய வரி பார்க்கச் சொல்லவே இல்லையாம். எப்படி நின்றாலும் கார்டை அழி, அவ்வளவுதான். பெண்ணழைப்போடு இடம் தீர்ந்து நின்றிருக்கிறது, ஏறாத மீதியை உன் வரியே அழித்துவிட்டது. ஒழுங்காக முடிந்தால் மட்டும் அழி என்று புது வரியில் சேர்த்திருக்கிறாய். எப்போது சேர்த்தாய் என்று தேதியும் இருந்தது. செல்வி மறுவீடு வந்த அதே வாரம்.

ஆக, உனக்கு அப்போதே தெரியும். கம்ப்யூட்டரில் தப்பைத் திருத்தினாய். ஊருக்குள் ஏன் திருத்தவில்லை? அதற்கப்புறம் எத்தனை பொங்கலுக்கு என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாய்? ஒரு வாய்ச் சோறாவது தொண்டையில் நின்றதா?

"அப்பா செத்தவுக அத்தை. இதைப் போயி எழுதணுமா?" என்று கலா கேட்டாள்.

நான் உயிரோடு இருக்கிறேனே, அதற்கு என்ன செய்ய? கடைசியில் சரி என்றாள்.

திதிக்குச் செல்வி வருகிறாள். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்ததும், இலையில் கை வைக்கும் முன்னால், உன் இரண்டு வரியையும் உன் மகளே படித்துச் சொல்வாள். கேட்டுவிட்டுச் செல்வி என்னிடம் ஒரு வார்த்தை பேசட்டும். அதுவரை உன் படத்துக்கு என் கையால் ஒரு பூ விழாது. இது சத்தியம்.

உன் பழியைச் சுமந்த, கூடப்பிறந்த அக்கா,
பேச்சியம்மாள்