டேனியலுக்குப் போட்ட ரோடு

2025 ஆகஸ்ட் 24

டிரைவர் முத்துகிருஷ்ணன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். இனிமேல் டிராக்டர் என் தலையில். நைனா சொன்னது: "இஞ்சினீரிங்கத்தான் பாதில உட்ட. வண்டியாச்சும் முழுசா ஓட்டு."

சரி. வீட்டில் படுத்து ஃபேனைப் பார்ப்பதற்கு இது மேல்.

ஆகஸ்ட் 27

காலனி இடுகாட்டை ஒட்டின கழனி. நைனா வரப்பில் நின்று கை காட்டினார். "ரோட்டாண்ட வர்றப்ப ரெண்டு சால் ரோட்டுக்குள்ள தள்ளி ஓட்டு."

ரோடு என்றால் டேனியலுக்குப் போட்டது. காலனிப் பையன், ராணுவத்தில் இருந்தான். 2021இல் பனிச்சரிவில் செத்து, கொடி போர்த்தி ஊருக்கு வந்தான். காலனிக்காரர்கள் அதுவரைக்கும் எங்கள் வரப்பு மேல்தான் பிணம் தூக்கிப் போவார்கள். ராணுவ லாரி வரப்பில் போகுமா? கலெக்டர் வழி கேட்டதும் நைனா, "நம்மூரு புள்ள சார், எடுத்துக்கங்க" என்றார். டிவியில் வந்தது. அன்றைக்கே கிராவல் கொட்டினார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது.

அப்புறம் பட்டத்துக்கு ரெண்டு சால் என்று ரோட்டை உழுது கழனியோடு சேர்த்துக்கொண்டே வருகிறார் நைனா. கல்லு மேல ஏறினால் பிளேடு கத்தும் என்று முத்துகிருஷ்ணன் திட்டிக்கொண்டே ஓட்டுவான். லாரி போன ரோட்டில் இப்போது ஆட்டோ போகாது. இப்படியே போனால் மறுபடியும் வரப்புதான்.

"அது அவன் ரோடு நைனா."

"அவந்தான் போய்ச் சேந்துட்டானே. இன்னும் இன்னாத்துக்கு ரோடு?"

ஆகஸ்ட் 28

ஓட்டவில்லை. கிளட்ச் போச்சு என்று சொன்னேன். நைனா நம்பின மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்ட் 31

டேனியலைப் பார்க்கப் போனேன். அடக்கத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான். ஏன் போகலை? எங்க ஆளுங்க அந்தப் பக்கம் போறதில்லை. இது ஒரு காரணமா? தெரியலை.

கல்லறை மேல் ஓர் ஆடு படுத்திருந்தது. டைல்ஸ் சில்லென்று இருக்கும்போல. போட்டோவில் யூனிஃபார்ம், தொப்பி, முறைப்பு. இவன் இப்படி முறைத்து நான் பார்த்ததே இல்லை. ஆர்மி செலக்‌ஷனுக்கு ரெண்டு பேரும் ஏரிக்கரையில் ஓடுவோம். மூச்சு வாங்கி நான் உட்கார்ந்தால் திரும்பி வந்து நிற்பான். "உன்ன நம்பி பார்டர உட்டா நாடு அவ்ளோதான்டா." அவனை எடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆட்டை விரட்டினேன்.

ஆட்டைத் தேடிக்கொண்டு அவன் அப்பா ஆல்பர்ட் வந்தார். அவரை என்னவென்று கூப்பிடுவது? நைனா 'டேய் ஆல்பர்ட்' என்பார். டேனியல் 'அப்பா' என்பான். நான் எதுவும் கூப்பிடவில்லை.

"வழி மிச்சம் கீறப்பவே ஒரு வாட்டி பாத்துடலாம்னு வந்தீங்களா தம்பி?"

நக்கலா, நிஜமா? ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 2

ஓட்ட மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டேன். நைனா சத்தம் போடவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, வாடகை டிராக்டர் வைத்து ஓட்டினார். ரெண்டு இல்லை, நாலு சால்.

இதுக்கு நானே ரெண்டோட உட்ருக்கலாம்.

செப்டம்பர் 9

நடவு. நட வந்தது எல்லாம் காலனிப் பெண்கள். டேனியல் அம்மா சுகிர்தாவும் வந்திருந்தார். ரோட்டை உழுத பட்டையில் அவர்தான் இறங்கினார். வேறு யாரும் இறங்கலையா, அவரே கேட்டு வாங்கினாரா, தெரியலை. விரல் உள்ளே போகவில்லை. ஒரு கல்லை எடுத்து வரப்பில் போட்டார். இன்னொன்று.

"அடில கல்லு கீதுங்க. நாத்து நிக்காது."

"அழுத்தி நடு" என்றார் நைனா.

அழுத்தி நட்டாங்க. பெத்த புள்ள போன ரோட்டுல. கூலிக்கு. 

அக்டோபர் 18

நல்ல மழை. கழனி முழுக்கப் பச்சை. அந்தப் பட்டை மட்டும் மஞ்சள்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். காலனியே கிளம்பி வந்தது, சாமந்தி, மெழுகுவர்த்தி, சுண்ணாம்பு வாளியோடு. மிச்சமிருக்கும் ரோட்டில் மழை சேறு. ஒருத்தர் பின்னால் ஒருத்தர்தான் போகலாம். ஒரு கிழவர் வழுக்கி விழுந்தார். வரிசை நின்றது.

முன்னால் சுகிர்தாம்மா. அந்தாண்ட இந்தாண்ட பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகினார், பயிரில் இறங்கினார். தான் நட்டதைத் தானே மிதித்துக்கொண்டு நேராகப் போனார். பின்னாலேயே எல்லாரும்.

நைனா பம்பு செட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில். கொஞ்ச நேரம்தான். அப்புறம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நானும் இறங்கினேன்.

கல்லறையில் ஆல்பர்ட் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தார். "காத்து அடிக்குது தம்பி. கைய அணைச்சுக்கினு ஏத்துங்க."

"சரிப்பா" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

நவம்பர் 3

"அவங்களோட சேந்துக்கினு நீயும் மிதிக்கிற. ஊரே பாத்துச்சு" என்றார் நைனா.

"ஆமா. மிதிச்சேன்."

அதோடு பேச்சு நின்றுவிட்டது.

நவம்பர் 20

இன்னும் பேசவில்லை. அம்மா நடுவில் மாட்டிக்கொண்டு பேஜாராகிறாள்.

2026 ஜனவரி 21

அறுப்பு முடிந்தது. அந்தப் பட்டையில் பதர்தான். அடுத்து நவரைப் பட்டத்துக்கு உழவு.

காலையில் நாஷ்டா சாப்பிடும்போது நைனா சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எத்தனை சால் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிளேடில் முதல் கல் பட்டுச் சத்தம் வந்த இடத்தில், பழைய ரோட்டோரத்திலேயே, வண்டியைத் திருப்பினேன். நைனா வரப்பில்தான் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.