போகச் சொல்ல ஓர் ஆள்

அன்பு மகள் மாலியாவுக்கு உன் அப்பா நொப் சொல்லச் சொல்ல, சைக்கிள் கடை மியாஸ் எழுதுவது. நானும் உன் அம்மாவும் மூச்சோடும் பசியோடும் இருக்கிறோம், இந்த வயதில் அவை இரண்டும் இருந்தால் சுகம் என்றுதான் கணக்கு. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறோம். நெல் அடித்துப் பத்தாயத்தில் ஏற்றியாகிவிட்டது, மழை கடைசியில் ஏமாற்றினாலும் மோசம் இல்லை. சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நீ அனுப்பிய தைலத்தை உன் அம்மா முழங்காலில் தேய்த்துக்கொள்கிறாள், வாசனை நன்றாக இருக்கிறது, வலி அப்படியே இருக்கிறது என்று எழுதச் சொல்கிறாள். பனை ஏறுவதை விட்டுவிட்டேன் என்று போன முறை சொன்னேன் அல்லவா, அது பொய், சின்ன மரம் இரண்டில் மட்டும் ஏறுகிறேன், இதைச் சொன்னதற்காக உன் அம்மா இப்போது என்னைப் பார்க்கிற பார்வையை மியாஸால் எழுத முடியாது. இந்தக் கடிதம் உன் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் சாரத் கையில் வருகிறது, அவன் தாயின் திதிக்கு வந்தவன், வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான். உன் அம்மா உனக்கென்று ஒரு ஜாடி மீன் ஊறல் போட்டு வைத்திருந்தாள், அவன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அத்தே, மேல போகும்போது மூடி திறந்துச்சுன்னா என்னை நடுக்கடல்ல இறக்கி விட்ருவாங்க என்றான். அதனால் ஜாடி இங்கேயே இருக்கிறது, கடிதம் மட்டும் வருகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு சந்தைத் தொலைபேசியில் நீ சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன். உன் டோனட் கடைக்குத் தினமும் காலையில் காப்பி குடிக்க வருகிற கட்சிக்காரர் ஒருவர், நகர மண்டபத்தில் கூட்டம் போடுகிறார், ஈராக்கோடு சண்டைக்குப் போக அமெரிக்கா மற்ற நாடுகளின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், தனியாகவே போகலாம் என்று பேசுகிற கூட்டம், அதில் உன்னையும் பேசச் சொல்லியிருக்கிறார். நீயும் சரி என்றுவிட்டாய். அவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லவில்லை, நீயே நம்பித்தான் சொன்னாய், அது உன் குரலிலேயே தெரிந்தது. அப்பா, நாம உயிரோட இருக்கறதே வியட்நாம்காரன் யாரையும் கேக்காம தனியா வந்ததாலதானே, அன்னைக்கு அவன் ஊர் உலகத்தைக் கேட்டுட்டு நின்னிருந்தா நான் ஏது என்றாய். அந்த நாள் நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள், அப்போது எனக்கு ஒன்பது வயது, பாதி மறந்துவிட்டது, உங்கள் பெயரைச் சொல்லி மண்டபத்தில் சொல்கிறேன் என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. கடைக்காரன் மறுபடியும் போடவா என்றான். வேண்டாம் தம்பி, இது நின்னுக்கிட்டே பேசுற பேச்சு இல்லை என்று வந்துவிட்டேன்.

அந்த நாளைக் கேட்டாய், தருகிறேன். கெமர் ரூஜ் ஆட்கள், அந்தக் கறுப்புச் சட்டைக்காரர்கள், நம்மைக் கொண்டுபோய் வைத்திருந்த பண்ணையில் தென்னைகளுக்குப் பின்னால் ஒரு குழி வெட்டச் சொன்னார்கள். உன் அண்ணன் ரூன் அந்த வெட்டுக் கூட்டத்தில் இருந்தான். எதுக்கு இவ்வளவு ஆழம் என்று ஒருவன் கேட்டதற்கு உரம் போட என்று பதில் வந்தது. ரூன் வந்து என்னிடம், அப்பா, நம்மகிட்ட மாடே இல்லை, சாணி ஏது, உரம் ஏது என்றான். அது நமக்கான குழி என்று தெரிந்தே மறுநாளும் வெட்டப் போனான். ஒரு விடியலில் பார்த்தால் கறுப்புச் சட்டை ஒன்றுகூட இல்லை, எல்லாரும் மேற்கே ஓடியிருந்தார்கள். வெயில் உச்சிக்கு வரும்போது டாங்கி வந்தது, அதன் பின்னால் வியட்நாம் சிப்பாய்கள் நடந்து வந்தார்கள். அரிசிக் கிடங்கை உடைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சனங்கள் விழுந்து அள்ளினார்கள், சமைத்த வேகத்தில் தின்ற சிலர் அன்றே செத்தார்கள். நானும் உனக்கு ஒரு கை சோறு ஊட்டப் போனேன், தியென் என்று ஒரு சிப்பாய் என் கையைத் தட்டிவிட்டு, நம் மொழியைக் கடித்துக் கடித்துப் பேசி, மெள்ள, மெள்ள, புள்ள செத்துரும் என்று, தன் தகரக் குவளையில் கஞ்சித் தண்ணீர் எடுத்து உன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டான். பொழுது சாயும்வரை விட்டான். நீ பிழைத்தாய். ஆகவே மண்டபத்தில் இதைச் சொல், சத்தமாகச் சொல். அவர்கள் கேட்காமல் வந்தது சரி. யாரைக் கேட்டிருப்பார்கள், எந்த நாடு அந்தக் குழியைப் பற்றி அன்று வாய் திறந்தது. யார் முன்னாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மகளே, நீ அங்கேயே நிறுத்துகிறாய். நீ நிறுத்துவது நியாயம்தான், அடுத்த ஆண்டு உன் அத்தையோடு எல்லைக்குப் போய் அகதி முகாமில் சேர்ந்து, அங்கிருந்து அமெரிக்கா போய்விட்டாய், உனக்கு அந்தக் கதை கஞ்சிக் குவளையோடு முடிந்தது. எங்களுக்கு அங்கேதான் தொடங்கியது. வந்தவன் யாரையும் கேட்காமல் வந்தான் என்று உலகத்துக்குக் கோபம். அந்தக் கோபத்தை அவன்மேல் காட்ட முடியாமல் எங்கள்மேல் காட்டினார்கள். முதல் இரண்டு வருஷம் ஏதோ கொஞ்சம் அரிசியும் விதையும் வந்தது, அப்புறம் நின்றது. மாடு இல்லை, நானும் மியாஸின் அப்பாவும் நுகத்தில் தோள் கொடுத்து ஏர் இழுத்தோம், உன் அம்மா பின்னால் கலப்பை பிடித்தாள், இடையிடையே, ஹேய் என்று என்னை அதட்டிச் சிரிப்பாள், சிரிக்காவிட்டால் அழ வேண்டும். மருந்து வரவில்லை. நாடுகள் எல்லாம் கூடுகிற சபையில் நம் நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா, குழி வெட்டச் சொன்னவர்களையே. தனியாகப் போகிறவன் தன் தோளில் மட்டும் அடி விழும் என்று நினைத்துக்கொண்டு போகிறான். அடி அவன் காப்பாற்றப் போன சனங்களின் முதுகில் விழுகிறது.

பண்ணையை விட்டு நாங்கள் ஊர் திரும்பியபோது தியெனின் படையும் நம் ஊரிலேயே தங்கியது, அவன் இரண்டு அறுவடை இருந்தான். சாயங்காலம் பனங்கள் குடிக்க வருவான். ஒரு நாள் அவன் மனைவி பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று கடிதம் வந்தது, குடித்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான், பெரியப்பா, உங்க ஊர்ல யாராச்சும் ஒருத்தர் எங்களைப் போகச் சொல்லுங்களேன், நானும் வீட்டுக்குப் போவேன் என்று. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அது என்னைக் குத்தியது. போகச் சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது. எங்களுக்கு இல்லை, நாங்கள் அவர்களிடம் உயிரைக் கடனாக வாங்கியவர்கள். அவனுக்கும் இல்லை, அவன் சிப்பாய். கூட நாலு நாட்டுக்காரன் வந்திருந்தால் ஒருத்தனுக்காவது சலிப்பு வந்திருக்கும், ஒருத்தனாவது வந்த வேலை முடிஞ்சுது, கிளம்பு என்று சண்டை போட்டிருப்பான். தனியாக வந்தவன் தன்னையே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் அவர்கள் பதில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது உன் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். எல்லைக்கு வேலைக்குப் போனான், காய்ச்சலில் போய்விட்டான் என்று மட்டும்தான் உனக்கு அப்போது சொல்லி அனுப்பினோம், அது உண்மை, ஆனால் எப்படிப் போனான் என்று சொல்லவில்லை. கறுப்புச் சட்டைக்காரர்கள் தாய்லாந்து எல்லையில் உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்ப வந்தார்கள், அவர்களைத் தடுக்கக் காட்டை வெட்டி, மண்மேடு போட்டு, கண்ணிவெடி புதைத்து ஓர் அரண் கட்ட வேண்டும், ஊருக்கு இத்தனை ஆண்பிள்ளை என்று வியட்நாம் படை கேட்பதாக வட்டார அதிகாரி வந்து சொன்னான். நிறையப் பேர் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள், சிலர் அவசரமாக மொட்டையடித்துத் துறவி ஆக்கினார்கள். நானும் ரூனைப் புத்த விகாரத்துக்குப் போகச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அப்பா, மாலியா வாயில கஞ்சி ஊத்தின கை அது, நம்ம வயல்ல நாத்து நட ஒருத்தன் வந்தா அவன் வயலுக்கு நாம போறதில்லையா, வாங்கின கையைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன் என்றான். அந்த வழக்கத்தில்தான் நாங்கள் அவனை வளர்த்தோம். சாப்பிட்டுவிட்டு மியாஸும் அவனும் ஒரே லாரியில் ஏறினார்கள்.

நீ வயலில் நின்றவள்தான், ஆனாலும் சொல்கிறேன். நம் ஊரில் கைக்குக் கை மாற்றுவது எப்படி நடக்கிறது. ஒருத்தன் உனக்கு ஒரு நாள் நட்டான் என்றால் நீ அவனுக்கு ஒரு நாள் நடுவாய், கூழ் குடிப்பாய், வீட்டுக்குப் போவாய். அவன் இன்னொரு நாளும் வா என்றால் வரிசையில் நிற்கிற பெண்கள் விடுவார்களா, ஏன்யா, நீ நட்ட நாத்து ரெண்டு தடவை விளையுமா என்று கேட்டே அவன் மானத்தை வாங்கிவிடுவார்கள். எல்லார் கண்ணும் பார்க்கிறது, அதனால்தான் அந்த வழக்கம் நிற்கிறது. உன் அண்ணன் திருப்பிக் கொடுக்கப் போன கையை யார் பார்த்தார்கள். தனியாக வந்தவன், எவ்வளவு திருப்பினால் போதும் என்பதையும் தனியாகவே முடிவு செய்தான். வரப்பில் நின்று கேட்க உலகத்தில் ஓர் ஆள் இல்லை, எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். ரூன் மலைக்காட்டில் காய்ச்சலில் படுத்தான். மியாஸ்தான் பக்கத்தில் இருந்தான், இதை இப்போது எழுதுகிறவனும் அவனே. மாத்திரை இருந்திருந்தா எழுந்திருப்பான் பெரியப்பா, நான் எழுந்தவங்களைப் பாத்திருக்கேன் என்று அவன் இன்றைக்கும் சொல்கிறான். கடைசி நாளில்கூட இன்னும் எத்தனை நாள் பாக்கி என்றுதான் ரூன் கேட்டானாம். மியாஸ் பிறகு கண்ணிவெடியில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தான்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது மியாஸ் பேனாவை வைத்துவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தான். அப்ப அவங்க வந்தது தப்புன்னு எழுதவா, சரின்னு எழுதவா, ஒண்ணு சொல்லுங்க, அவ அங்க மேடையில நின்னு முழிக்கப் போறா என்றான். சரி என்றே எழுது, வந்தது சரி, மற்றவர்கள் விலகி நின்றது தப்பு, அவர்கள் விலகி நின்றதால் வந்தவனும் கெட்டான், நாமும் கெட்டோம் என்றேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, கடிதம் எழுதறீங்களா, வழக்கு நடத்தறீங்களா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வந்தவள் உட்கார்ந்து, மியாஸ், இதை நான் சொன்னதா எழுது, ரெண்டும் என் வயித்துல பொறந்தது, ஒண்ணு பொழைச்சதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிட்டு ஒண்ணு செத்ததை விட்டுட்டு வந்தா எனக்குச் சோறு இறங்காது என்றாள். அவள் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது.

ஈராக் சனங்களை எனக்குத் தெரியாது. அவர்கள் குழிக்கு முன்னால் நிற்கிறார்களா, இல்லையா, எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, காப்பி குடிக்க வருகிறவருக்குத் தெரியுமா என்று நீ கேட்டுப் பார். குழி இருந்து, வேறு யாரும் வர மாட்டார்கள் என்றால், தனியாகவாவது போகட்டும், அதை நான் தடுத்துப் பேச மாட்டேன். ஆனால் கூட வரத் தயாராக இருக்கிறவனையும், கொஞ்சம் பொறு என்கிறவனையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தனியாகப் போவதே வீரம் என்று போகிறவன், நாளைக்குத் தன்னைத் திரும்பிப் போகச் சொல்லக்கூடிய வாய்களைத்தான் முதலில் தள்ளுகிறான். அவன் நல்லவனாகவே இருக்கட்டும். தியெனைவிட நல்லவனை நான் பார்த்ததில்லை. நீ இப்போது இருக்கிற நாடும் ஒரு காலத்தில் நம்மை யாரையும் கேட்காமல் நம் தலைக்கு மேலே வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது, உன் பாட்டன் வயலில் இருக்கிற இரண்டு குளமும் மழை வெட்டியது இல்லை, அதையும் நினைவில் வை, கோபத்தோடு வேண்டாம்.

பேசாதே என்று நான் சொல்லவில்லை. போய்ப் பேசு, நல்ல துணி உடுத்திக்கொண்டு போ. கஞ்சிக் குவளையைச் சொல், ஏர் இழுத்ததைச் சொல், லாரியைச் சொல், உன் அண்ணன் பெயரை அங்கே எல்லார் காதிலும் விழும்படி சொல். விகாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் படைத்தால்தான் சோறு அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது, இங்கே நாங்கள் வருஷா வருஷம் கூப்பிடுகிறோம், அவன் எந்தக் கைக்காகப் போனானோ அதைப் பற்றிப் பேசுகிற இடத்தில் யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை. நேரம் இல்லை, பாதி போதும் என்று அவர்கள் சொன்னால் எந்தப் பாதி என்று யோசித்து நிற்காதே, இறங்கி வந்து கடையில் மாவைப் பிசை, அந்த வேலையில் பொய் கிடையாது. காப்பி குடிக்கிறவர் கோபித்துக்கொண்டால் வேறு கடையில் குடிக்கட்டும்.

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்காதே, மாப்பிள்ளையும் கொஞ்சம் நிற்கட்டும். பிள்ளைகளுக்கு நம் பேச்சைப் பேசு. விகாரத்தில் வாழ்த்துவதுபோல ஆயுளும் நிறமும் சுகமும் பலமும் உனக்கும் உன் வீட்டுக்கும் குறையாமல் இருக்கட்டும் என்று நானும் உன் அம்மாவும் தலையில் கை வைத்துச் சொன்னதாக வைத்துக்கொள். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆகவே ஒவ்வொரு தாளின் அடியிலும் சிவப்பு மையில் என் பெருவிரலை வைத்திருக்கிறேன், கடைசித் தாளில் உன் அம்மா விரலும் இருக்கிறது. எல்லாத் தாளும் சேர்ந்தால்தான் அது என் பேச்சு. ஒரு தாளை விட்டுவிட்டுப் படிப்பதானால் என் பெயரைச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா நொப், பெருவிரல் ரேகை
உன் அம்மா, பெருவிரல் ரேகை
எழுதியவன் மியாஸ், ரூனோடு அதே லாரியில் போனவன்