உன் அரை ஏக்கரில் மருந்து வாடை

இன்று காலை சன்னலைத் திறந்ததும் மருந்து வாடை முகத்தில் அடித்தது. கம்பம்மெட்டில் இது என்ன புதிதா என்று கேட்பாய். புதிதில்லைதான். ஏலக்காய்ச் செடிக்குப் பூச்சிமருந்தடிக்காத வாரம் இந்த மலையில் ஏது? ஆனால் இன்றைய வாடை ஓடைக்கு அந்தப்புறம், உன் அரை ஏக்கரிலிருந்து வந்தது. அடித்துக்கொண்டிருந்தவன் உன் தம்பி. சன்னலைச் சாத்தினேன். காப்பியிலும் அதே வாடை. கீழே கொட்டிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் கல்லூரியில் தாவரவியல் முடித்த கையோடு அந்தத் தீவுக்குக் கிளம்பியது நேற்றுப் போல இருக்கிறது. ஆள் குடியில்லாத சின்னத் தீவு. எந்தக் காலத்திலோ கப்பலோடு வந்து பரவிய களைகளைப் பிடுங்கிவிட்டு, அந்த மண்ணிலேயே பிறந்த மரங்களை மறுபடி நட வேண்டும். சம்பளம் கிடையாது. சோறும் கூடாரமும் உண்டு. உன் அம்மா தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "களை பறிக்கவா கடல் தாண்டிப் போறீக? இந்த மலை பூரா களைதான கெடக்கு. இங்கன பறிச்சா கங்காணி கூலியாவது தருவாரு." லயமே சிரித்தது. நீயும்தான்.

தீவில் இறங்கும் முன்பே படகில் சோதனை. செருப்பின் அடியைத் தேய்த்துக் கழுவி, பையை உதறி, சட்டைப்பையின் உள்பக்கத்தை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். வெளி விதை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. உன் பையை இழுத்ததும் பச்சை ஏலக்காய் நாலைந்து உருண்டு விழுந்தன. பயணத்தில் குமட்டினால் மெல்லுவதற்கு ஏலக்காய் இல்லாமல் நம் ஊரில் யார் கிளம்புகிறார்கள்? மூட்டை மூட்டையாகக் காய் பார்த்து வளர்ந்தவளுக்கு அது விதை என்றே தோன்றவில்லை. மேற்பார்வை செய்த பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. காய்களை உறைக்குள் போட்டு மூடி, உன்னை அதே படகில் திருப்பி அனுப்பினாள். மறுநாள்தான் நீ வந்து சேர்ந்தாய்.

நான் கேலி செய்தேன். நீ தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "ஏட்டி, நாலு காய்க்கு இந்தப் பதறு பதறுறாக. நம்ம மலையப் பாத்தா மயங்கி விழுந்துருவாக" என்றாய். ஏலம் நம்ம காட்டுச் செடிதானே என்று நான் மல்லுக்கு நின்றேன். "காய் நம்ம காட்டோடதுதான். ஆனா அதத் தவிர வேற எதையும் நாம விட்டு வைக்கலையே" என்றாய்.

ஊர் திரும்பியதும், உன் அப்பா உன் பேருக்கு வாங்கிப் போட்ட அரை ஏக்கரில் ஏலத் தூர்களை நீயே தோண்டி எறிந்தாய். இந்தக் காட்டு மரங்களான நாங்கும் குங்கிலியமும் கன்று வைத்தாய். படித்த பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சந்தையில் பேசினார்கள். மழைக்குப் பிறகு ஒரு ராத்திரி, மருந்தடித்த காலத்தில் கேட்காத தவளைச் சத்தம் அங்கே கேட்டது. உடனே என்னைக் கைபேசியில் அழைத்து, ஒன்றும் பேசாமல் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தாய். உன்னை எனக்கு அவ்வளவு பிடித்தது அன்றுதான்.

பிறகு உனக்கு இரத்தத்தில் நோய் என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் காரணம் யாரும் சொல்லவில்லை. "சின்னதுல இருந்து அந்த வாடையிலதான வளந்தோம்" என்று நீ மட்டும் சொன்னாய். உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னால் அதை மறக்க முடியவில்லை.

நீ போன மறு மழைக்காலத்தில் உன் தம்பி அரிவாளோடு இறங்கினான். பழைய பெரிய மரங்களை, மறுபடி வைக்கப்போகும் ஏலத்துக்கு நிழல் வேண்டுமென்று விட்டுவிட்டான். நீ வைத்த கன்றுகளைத்தான் வெட்டினான். ஓடிப்போய்க் கத்தினேன். அவன் நிமிராமலே பேசினான். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் தீவெல்லாம் பாத்துட்டு வந்தவக. நான் இங்கனயே கெடக்கேன். இந்தக் காடு எம்புள்ளைகளுக்குச் சோறு போடுமா, சொல்லுங்க."

வெட்டாமல் மிச்சமிருந்த ஒரு நாங்குக் கன்றை மண்ணோடு பெயர்த்து வந்து, உன் கல்லறையின் தலைமாட்டில் நட்டேன். கொழுந்து சிவப்பாக விட்டிருக்கிறது.

நேற்று கல்லறைத் திருநாள். வழக்கம்போல எல்லாக் குடும்பமும் மண்வெட்டியோடு வந்து, புல் பூண்டு இல்லாமல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது. உன் தம்பியும் வந்தான். இன்றைக்கு இவனை நாலு பேர் நடுவில் நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். உன் அம்மா கன்றைப் பார்த்துவிட்டார். "கல்லறை மேல மரமாடா? வேரு எறங்கி எம்புள்ளைய நெருக்கும்டா. பிடுங்கிப் போடு."

அவன் உட்கார்ந்தான். மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கன்றைச் சுற்றியிருந்த புல்லை மட்டும் விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

"இருக்கட்டும்மா" என்றான். "இது ஒண்ணாவது இருக்கட்டும்."

முதுகு குலுங்கியது. அழுகிறான் என்று அப்புறம்தான் புரிந்தது. நான் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். சேர்த்து வைத்த கோபம் அப்படியே என்னிடம் இருக்கிறது. அதை யார் மேல் கொண்டுபோய் வைப்பதென்றுதான் தெரியவில்லை, ஏட்டி.