புகைபோக்கியில் குடிவந்தவள்

மார்ச் 4

இன்று பட்டறையில் இருந்தவர்கள்: நான், மகள், மருமகன், சாயத்தொட்டிக்காரி, வெளிநாட்டிலிருந்து வந்த அளவுக்காரி, அவள் பேச்சை நமக்குச் சொல்கிற ஆள், எதிர்ப் பட்டறையிலிருந்து கூப்பிடாமலே வந்த என் கொழுந்தன். அப்புறம், புகைபோக்கி உச்சியில் முட்டையிட்டு உட்கார்ந்திருந்த சாம்பல் பறவை. அவளையும் எழுதி வைக்கிறேன்.

இரண்டு அரசாங்கமும் வியாபார ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. மண்ணை, தண்ணீரை, காற்றைக் கெடுக்காமல் செய்த சரக்கு மட்டும்தான் அங்கே இறங்குமாம். நாம் சாயம் போடுகிற துண்டு அங்கே போக வேண்டுமானால் பச்சை முத்திரை வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லாவிட்டால் பட்டறையை மூடவேண்டியதுதான் என்று மகள் சொல்லிவிட்டாள்.

அளவுக்காரி தண்ணீரைச் சீசாவில் பிடித்தாள். காற்றை டப்பாவில் பிடித்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"குஞ்சு பறக்கிற வரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாதாம். ஒப்பந்தத்துல இருக்காம்," என்றார் சொல்கிற ஆள்.

"அடுப்பில்லாம சாயம் எப்படிங்க ஏறும்?" என்று கேட்டேன்.

"அது ஒப்பந்தத்துல இல்லைங்களே."

கொழுந்தன் சிரித்தான். "அண்ணி, அது என் பட்டறையில இருந்த பறவைதான். போன வாரம் கம்பால தட்டி விரட்டினேன். நல்லா வச்சுக்குங்க."

என் கல்யாணத்தன்று என் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை எழுந்திருக்காதவன் இவன்.

மார்ச் 9

அடுப்பு மூட்டவில்லை. அவள் மட்டும் சூடாக இருக்கிறாள், முட்டை மேல்.

மார்ச் 15

முத்திரை வந்துவிட்டது! புகை இல்லை, கழிவு இல்லை, இந்த வட்டாரத்திலேயே சுத்தமான பட்டறை நம்முடையதாம். வேலையே நடக்காத இடம் வேறெப்படி இருக்கும்? முத்திரையில் அந்தப் பறவையின் படம். அவள் நம் புகைபோக்கியில் இருக்கிற வரைக்கும்தான் செல்லுமாம்.

"முத்திரை இருக்கும்மா, ஒட்டத்தான் துண்டு இல்ல," என்றாள் மகள்.

மார்ச் 22

மகள் இரும்புப் பீப்பாய்களுக்குக் கறுப்பு அடித்துக் கூரைமேல் ஏற்றினாள். வெயிலில் தண்ணீர் சுட்டது, ஆனால் கொதிக்கவில்லை. நீலம் பாதிதான் ஏறியது. துண்டெல்லாம் நாலு பேர் போட்டுக் கழித்த சட்டை மாதிரி இருக்கிறது. மருமகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினோம்.

ஏப்ரல் 6

வாங்கினவர்களுக்கு அந்த வெளிறல்தான் பிடித்ததாம். இன்னும் இரண்டு பங்கு கேட்கிறார்கள். அதற்கு விடியல் நீலம் என்று பெயர் வேறு.

கூட்டுக்குத் தினமும் தண்ணீரும் தானியமும் ஏற்றி அனுப்புகிறேன். தொட்டிக்காரி ஏணியில் நின்று முணுமுணுக்கிறாள்: "பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டீங்கம்மா." உண்மைதான். பெற்றது எனக்கு முத்திரை வாங்கித் தரவில்லையே.

ஏப்ரல் 19

குஞ்சுகள் பறந்துவிட்டன. அவள் போகவில்லை. அடுப்பு மூட்டலாமா என்று மருமகன் கேட்டான். புகை கண்டால் அவள் கிளம்பிவிட மாட்டாளா? மூட்டவில்லை.

எதிரே கொழுந்தனும் அடுப்பை அணைத்துவிட்டான். ஏணி போட்டுத் தன் புகைபோக்கியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தான். வயசான காலத்தில் "வா, வா" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கொஞ்சல் வேறு. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மே 2

காலையில் கூடு காலி. நான் சிரிக்கவில்லை.

மே 11

அளவுக்காரி மறுபடி வந்தாள். நம் புகைபோக்கியைப் பார்த்தாள், எதிர்ப் புகைபோக்கியைப் பார்த்தாள். தெருவைத் தாண்டி அங்கே போனாள். முத்திரையும் பின்னாலேயே போயிற்று.

சாயங்காலம் கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். "அண்ணி, முத்திரை என்கிட்ட இருக்கு. அந்த நீலம் எனக்கு வரலை. உங்க மகளை அனுப்புங்க. பாதிப் பங்கு."

நாற்காலி போட்டேன். உட்காராமல் நின்றான். அப்பாவை நினைத்திருப்பானோ?

மே 12

பீப்பாய்கள் தெருவைத் தாண்டின. மகளும் தொட்டிக்காரியும் அங்கேதான் வேலை. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் மகள் கூரைமேல் நிற்பது தெரிகிறது. பட்டறை பிழைத்தது, வேறு வாசலில்.

கொழுந்தனை மன்னித்தாயிற்று. ஒருத்தியைத்தான் என்னால் முடியாது. தண்ணீர் வைத்தவளை விட்டுவிட்டு, கம்பால் அடித்தவன் வீட்டுக்கே திரும்பிப் போனாளே, அந்தச் சாம்பல் பறவை.